வாசலில் படுத்த கேரவன்

மார்ச் 3

ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன். பால் விட்ட டீ நிறம். ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறது. இன்ஜின் தலையை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது.

மனைவி இறந்தபின் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, கட்டிலும் அடுப்பும் உள்ள இந்தக் கேரவனிலேயே காலத்தைத் தள்ளிவிடலாம் என்று கிளம்பியவன். அண்ணன் வீட்டில் இரண்டு நாள் தங்க வந்தேன். வாசலிலேயே வண்டி படுத்துவிட்டது.

"நம்ம காரை வெளிய எடுக்க முடியாதே" என்றார் அண்ணி. "விடு, நம்ம தம்பிதானே" என்றார் அண்ணன்.

மார்ச் 9

ஹெட்டைக் கழற்றினோம். ஆமாம், கழற்றினோம்! அண்ணன் கணக்கு வாத்தியார். பல்பு மாட்டக்கூட ஆள் கூப்பிடுகிறவர். இன்று பழைய சட்டையோடு வந்து, "எதைப் பிடிக்கணும், சொல்லு" என்றார். விரல் முட்டி சிராய்ந்தபோதும் சிரித்தார். அவள் போனதிலிருந்து யாரும் என் பக்கத்தில் இவ்வளவு நேரம் நின்றதில்லை.

மார்ச் 16

ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டு போனோம். விரிசலாம். "சீவிப் பிரயோஜனமில்ல, வேறதான் போடணும்" என்றார் லேத்துக்காரர். அண்ணன் அங்கேயே நின்று வேறு ஹெட் கேட்டு நாலு இடத்துக்குப் போன் போட்டார்.

"அப்படியே டர்போவையும் மாத்திடலாம்டா. மேடு ஏறணும்னா இழுக்க வேணாமா?"

"எந்த மேட்டுக்குண்ணே?"

"எங்க வேணாலும் போலாமே!"

இருவரும் சேர்ந்து போவதுபோல எனக்குக் கேட்டது.

மார்ச் 21

மழை. வேலை நடக்கவில்லை.

மார்ச் 23

கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

"இன்னும் எவ்ளோ நாள்தான்?" அண்ணியின் குரல்.

"ஹெட் வந்தாச்சு. ஒரு வாரம் பொறு. தம்பிய வாய் விட்டுப் போன்னு சொல்ல முடியுமா? வண்டி ஓடிட்டா அவனே கிளம்பிடுவான்."

குழாயைத் திறக்காமலே திரும்பிவிட்டேன்.

அதுக்குத்தானா? அந்த ஸ்பானர், அந்தச் சிராய்ப்பு, எல்லாம் அதுக்குத்தானா? சொல்லியிருக்கலாமேண்ணே. மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே.

மார்ச் 24

டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்று, நன்றாகவே இருந்தது. அதைக் கழற்றி அண்ணனிடம் காட்டி, "இது சரியில்ல" என்றேன். சும்மாதான் சொன்னேன். நாலு நாளாவது தள்ளிப் போகட்டும் என்று.

மார்ச் 25

அண்ணன் லீவு போட்டுவிட்டுப் போய்ப் புது இன்ஜெக்டர் வாங்கி வந்துவிட்டார். பொய் சொல்லிக்கூடப் பிழைக்கத் தெரியாத ஜென்மம் நான்.

மாட்டினேன். அரைகுறையாக விட்டுவிடலாம் என்றுதான் ஸ்பானரை எடுத்தேன். கை கேட்கவில்லை. முறையாகவே இறுக்கியது.

மார்ச் 29

ஸ்டார்ட் ஆகிவிட்டது. முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை. அப்புறம் ஒரே சீரான சத்தம்.

அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

உள்ளே போனால் அண்ணி பெரிய டப்பாவில் சாப்பாடு கட்டி வைத்திருக்கிறார். கிளம்புகிறேன் என்று நான் இன்னும் சொல்லவே இல்லை.

ஏப்ரல் 12

லாரிகள் நிறுத்தும் மைதானத்தின் ஓரம். காலையில் அண்ணன் போன் செய்தார்.

"எப்படிடா ஓடுது? சூடேறுதா?"

"இல்லண்ணே. நல்லா இழுக்குது."

"டர்போவ மாத்தினது நல்லதாப் போச்சு, பாத்தியா!"

எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சற்று முன் காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினார். "ரொம்ப நாள் இங்க நிறுத்தக் கூடாது சார். வண்டி ஏதாவது ரிப்பேரா?"

"இல்லப்பா" என்றேன். "ஒரு குறையும் இல்ல."