கழித்துவிட்ட ஏழு செல்கள்

செப்டம்பர் 3, 2025

மதியம் ஷோபனா போனில் பேசினாள். எம்.எஸ்சி. படிக்கையில் அரக்கோணத்தில் ரயில் ஏறி, நான் பிடித்து வைத்த இடத்தில் உட்காருவாளே, அதே ஷோபனா. இப்போது சென்னை ஆய்வகத்தில் தவளை முட்டைச் செல்லை லேசரால் கீறிப் படம் பிடிக்கிறாள். கீறலைச் சுற்றி இரண்டு புரதங்கள் உள்வளையமும் வெளிவளையமுமாகக் கூடி அதை மூடும். அந்த வளையங்களுக்குச் சமன்பாடு எழுதுவது என் வேலை. திருத்தணி வீட்டில் உட்கார்ந்தே செய்கிறேன்.

"வளையம் ரெண்டும் மறுபடி ஒட்டிக்கினே வருதுடி. உன் கணக்குல தனித்தனியா தானே நிக்கணும்? செல்லுங்க நல்லாத்தான் கீது. என் கைதான் சரியில்ல போல."

"லேசரைப் பாரு" என்றேன். சொல்லிவிட்டேனே!

செப்டம்பர் 4

அவள் கையில் ஒரு கோளாறும் இல்லை. எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 9

எழுதியே விடுகிறேன். போன வருடக் கட்டுரைக்கு அவள் அனுப்பிய நாற்பத்தொரு செல்களில் ஏழில் வளையங்கள் ஒட்டித்தான் இருந்தன. என் சமன்பாட்டில் அதற்கு இடமில்லை. கெடு முடிய இரண்டே நாள். "ஏழும் கெட்டுப்போன செல், எடுத்துட்டேன்" என்று அவளிடம் சொன்னேன். "நீ சொன்னா சரி" என்றாள். மீதிப் புள்ளிகள் கோட்டில் அழகாகப் பொருந்தின. சந்தோஷப்பட்டேன் — வெட்கமில்லாமல்.

செப்டம்பர் 12

கிருத்திகைக் கூட்டம். கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் அப்பா மலையிலிருந்து தாமதமாக இறங்கி வந்தார். அங்கே நைவேத்தியத்துக்கு முன்னால் யாரும் ருசி பார்ப்பதில்லை. புளியோதரையில் உப்பு இரண்டு தரம் விழுந்தது படைத்த பிறகுதான் தெரிந்ததாம்.

"வாங்கினு போறவங்க கிட்ட நானே சொல்லிட்டேன்மா, உப்பு ஜாஸ்தின்னு" என்றார். சொல்லிவிட்டு வேட்டி மாற்றப் போய்விட்டார், அவ்வளவுதான்.

நான் ருசி பார்த்தவள். பார்த்து, தெரிந்தே பரிமாறினவள்.

செப்டம்பர் 13

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர் 17

சொல்லவில்லை. அவளுடைய ஆய்வகத் தலைவர் வரதராஜன் அவளை மைக்ராஸ்கோப் வேலையிலிருந்து எடுக்கப் போகிறாராம். கை சரியில்லை என்று. அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன். நானா? சீ!

செப்டம்பர் 18

நடந்ததை எழுதி வரதராஜன் சாருக்கும் கட்டுரை வந்த பத்திரிகைக்கும் அனுப்பினேன். ஷோபனாவிடம் போனிலேயே சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. கோபித்தாலாவது தேவலை என்றிருந்தது.

"நீ கெட்டதுன்னு சொன்னியேன்னு, ஒட்டி வந்ததெல்லாம் அழிச்சிகினு இருந்தேன் ஹம்சா. பழசு, புதுசு எல்லாத்தையும்."

வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 29

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறார்கள். ஷோபனா மைக்ராஸ்கோப்பில்தான் இருக்கிறாள் என்று வரதராஜன் சார் எழுதியிருந்தார்.

சாயங்காலம் அவளிடமிருந்தே ஒரு மின்னஞ்சல். "ஒட்டிய வளையங்களின் படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. நீங்கள் கழித்த ஏழையும் அனுப்பிவைக்கவும்."

உடனே அனுப்பினேன். எட்டு வருடப் பழக்கத்தில் அவள் என்னை 'நீங்கள்' என்றது இதுதான் முதல் தடவை.