உன் கோடு மேலே ஏறிவிட்டது

உன் மடிக்கணினிப் பையைத் திறந்ததும் ஏலக்காய் வாசம் அடித்தது. மருந்து ஏற்றிய நாட்களில் குமட்டலுக்கென்று நீ கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளும் ஏலக்காய்களில் நாலைந்து, சார்ஜர் வயருக்குள் சிக்கி இன்னும் கிடக்கின்றன. பையை மூடினேன். எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினேன். திரும்பி வந்து மறுபடி திறந்தேன். கச்சான் காற்று ஒரு கிழமையாக ஊரை உலர்த்தி எடுக்கிறது, சாத்திய சன்னலும் தானாகத் திறந்து அடித்துக்கொள்கிறது. ஓரிடத்தில் இருக்க முடியவில்லை எனக்கு. பழியைக் காற்றின் மேல் போடலாம்தான், ஆனால் காரணம் நீ. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

சஞ்சிகைக்கு நாம் அனுப்பிய கட்டுரைக்குப் பதில் வந்துவிட்டது. நீ இருக்கும்போது வந்திருக்கக் கூடாதா? நோன்புப் பெருநாளும் கழிந்த பிறகு ஆறுதலாக வருகிறது. மதிப்பீடு செய்தவர் யாரென்று தெரியாது, தெரியவும் விடமாட்டார்கள். மரியாதையான மனிதர். நன்றாக இருக்கிறது என்று தொடங்கி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். நியோன் தாக்கத்துக்கு நீங்கள் எடுத்த பழைய அளவீடுகளில் உள்ள சக்தி திணிவு மையச் சக்தியா, ஆய்வுகூடச் சக்தியா, சரிபார்க்கவும். வாசித்ததும் எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "ஆளைத் தெரியாமக் கேக்கிறார்" என்று ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். உயர்தர வகுப்புக்குத் திணிவு மையம் படிப்பிக்க உன்னைவிட்டால் இந்த மாவட்டத்தில் ஆளில்லை என்பது அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

பாலம் வருமுன், கிண்ணியாவிலிருந்து பாதையில் ஏறிப் படிக்க வந்தவள் நீ. ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றும் அந்த மிதவைக்கு நம் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். அதை அப்படியே வகுப்புக்குள் கொண்டுவந்தாய். "பாதை போய்த் துறையில முட்டினா முழு இடியும் நமக்குத்தான். அவுட்டு உட்ட தோணியில முட்டினா? தோணியும் சேர்ந்து ஓடும். ஓடுறதுக்குக் கொஞ்சம் போயிரும், மிச்சம்தான் இடி." பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு பரீட்சையில் பிழை விடமாட்டார்கள். அணுக்கருக்கள் மோதுவதும் அப்படித்தான். ஆய்வுகூடத்தில் ஓடிவரும் கருவின் சக்தி முழுவதும் மோதலுக்குக் கிடைப்பதில்லை. ஹீலியம் போய் நியோனில் மோதினால் ஆறில் ஐந்து பங்குதான் மோதலுக்கு மிஞ்சும். அந்த மிஞ்சுவதைத்தான் திணிவு மையச் சக்தி என்கிறோம், கணக்குக்கு வேண்டியதும் அதுதான்.

இந்த வேலைக்குள் என்னை இழுத்துவிட்டவளும் நீதான். ஒரு நாள் இடைவேளையில், நான் பாண் துண்டைக் கடித்த கையோடு இருக்க, கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாய். ஓர் இணையப் பக்கம். ஆய்வுகூடங்களில் அளந்த மோதல் எண்களை ஒரு பெட்டியில் ஒட்ட வேண்டும், வெப்பநிலையை இன்னொரு பெட்டியில் கொடுக்க வேண்டும், பொத்தானை அமத்தினால் அந்தத் தாக்கம் ஒரு நட்சத்திரத்தின் வயிற்றுக்குள் என்ன வீதத்தில் நடக்கும் என்று கோடு கீறிக் காட்டிவிடும். அங்கே கருக்கள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. தலைதெறிக்க ஓடுவது சிலதுதான், அந்தச் சிலதுதான் வேலையும் பார்க்கும். அத்தனை வேகங்களுக்கும் கூட்டிச் சராசரி எடுக்கிற கணக்கைப் பல்கலைக்கழகத்தில் கையால் செய்து களைத்தவர்கள் நாம். "ஆரும் பாவிக்கலாமாம் புள்ள," என்றாய். "ஆரும் எண்டா, திருகோணமலையில இரிக்கிற நாமளும்தானே."

பொத்தானை அமத்துவதற்கு நீ ஒரு சட்டம் வைத்திருந்தாய். கணினி சொல்லுமுன், விடை பத்தின் எத்தனையாம் அடுக்கில் வரும் என்று இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிழை விட்டவள், மற்றவள் திருத்த எடுத்த கொப்பிக் கட்டைப் பஸ் நிலையம் வரை சுமக்க வேண்டும். நான் அவசரக்காரி.

"அமத்தினாத் தெரியும்தானே, என்னத்துக்கு இந்தச் சடங்கு?"

"அது சொன்னாப் பிறகு எல்லாருக்கும்தான் தெரியும். நீ முந்திச் செல்லு."

முந்திச் சொல்லிச் சொல்லி, உன் கட்டையும் என் கட்டையும் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற நாட்கள்தான் எனக்கு அதிகம். அங்கே ஊருக்குள் திரிந்து, சாப்பாட்டுப் பொதிக் கடதாசியை இழுத்துத் தின்னும் மான்களை நீ வெறுங்கையோடு அதட்டிக்கொண்டு நிற்பாய்.

நம்மைப் போன்றவர்களுக்கு இடறுவது எங்கே தெரியுமா? பழைய சஞ்சிகைகளில். பெரிய இடங்களில் இருப்பவர்கள் நூலகத்துக்குள் போய் முழுக் கட்டுரையையும் எடுத்துக்கொள்வார்கள். நமக்கு அந்தக் கதவு திறக்காது. வெளிநாட்டில் தெரிந்த ஒருவரைப் பிடித்து, அந்தப் பக்கத்தை ஒருக்காப் படமெடுத்து அனுப்பு என்று கெஞ்ச வேண்டும். நம்மோடு படித்து இப்போது அங்கே ஆராய்ச்சி செய்பவன் அனுப்பினான். பாவம், எண்கள் தெளிவாக விழட்டும் என்று கிட்ட நின்று எடுத்திருக்கிறான். எண்கள் பளிச்சென்று இருந்தன. அட்டவணையின் தலைப்பு வரி படத்துக்கு வெளியே போயிருந்தது. அதுவரை நமக்குக் கிடைத்த அட்டவணைகள் எல்லாம் திணிவு மையச் சக்தியிலேயே இருந்ததால் இதுவும் அப்படித்தான் என்று நீ எடுத்துக்கொண்டாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஒரு கையில் ஊசி ஏறியபடி, மற்றக் கையால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பெட்டிக்குள் ஏற்றினாய்.

அன்று பின்னேரம் நீ எடுத்த அழைப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பேச்சுக்கு இடையில் மூச்சு வாங்கியது, ஆனாலும் கத்தினாய். "புள்ள, நம்மட கோடு கீழ போகுது! எல்லார்ட கோட்டையும் விடக் கீழ!" வெப்பநிலை குறைந்த பக்கத்தில் நம் கோடு மற்றவர்களின் கோடுகளைவிட்டு இறங்கிப் போயிருந்தது. எல்லாரும் சொல்வதைவிட மெதுவாகத்தான் நட்சத்திரத்துக்குள் நியோன் தீர்கிறது என்று அதற்குப் பொருள். "அவசரப்பட்டுப் போகல்ல அது. இன்னும் கொஞ்சக் காலம் இரிக்கும்." சிரித்தாய். எனக்குச் சிரிக்க ஏலவில்லை. கைப்பேசியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்று அழுதேன். கட்டுரையின் தலைப்பையே அந்தக் கோட்டை வைத்துத்தான் எழுதினோம். உன் பெயர் முதலாவது, என் பெயர் இரண்டாவது.

கேள்வி வந்த கோபத்தில், படமெடுத்து அனுப்பியவனுக்கே எழுதினேன். முழுப் பக்கத்தையும் எடுத்து அனுப்பு, ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று. போன கிழமை வந்தது. அட்டவணையின் தலையில் தெளிவாக இருக்கிறது: ஆய்வுகூடச் சக்தி. படத்தைப் பெரிதாக்கினேன். பெரிதாக்கினால் எழுத்து மாறிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ, மறுபடி மறுபடி பெரிதாக்கினேன்.

உனக்கா இந்தப் பிழை? பாதையையும் தோணியையும் வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் படிப்பித்த உனக்கா? தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. உலுக்குவதற்கு ஆளில்லை என்பது ஆத்திரத்தை இன்னும் கூட்டியது. மதிப்பீட்டாளர் மேல் இருந்த கோபம் எல்லாம் உன் பக்கம் திரும்பிவிட்டது, அன்று முழுக்க உன்னோடு நான் கதைக்கவில்லை.

அடுத்த நாள் பள்ளி விட்டதும் ஆசிரியர் அறையிலேயே இருந்து செய்தேன். ஒவ்வொரு சக்தியையும் ஆறில் ஐந்தாகக் குறைத்தேன். பெட்டியில் ஒட்டினேன். பொத்தானில் விரலை வைத்தபடி, ஏறும் என்று சத்தமாகச் சொன்னேன். அமத்தினேன், ஏறியது. உன் கோடு மெதுவாக ஏறவில்லை, ஒரே தாவலில் போய் மற்றவர்களின் கோடுகளோடு ஒட்டிக்கொண்டது. எது எவருடைய கோடு என்று நிறத்தை வைத்துத்தான் பிரிக்க முடிந்தது. எல்லாரும் சொன்னதைத்தான் நாமும் சொல்கிறோம்.

என் மனம் போன போக்கையும் சொல்லிவிடுகிறேன். சரிபார்த்தோம், திணிவு மையச் சக்திதான் என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த மனிதரின் கையிலும் அந்தப் பழைய பக்கம் இல்லை, இருந்தால் நம்மிடம் ஏன் கேட்கிறார்? உன் கண்டுபிடிப்பு உன் பெயரோடு அச்சில் வரும். திருத்தினால் உன் பெயர் வரும், கண்டுபிடிப்பு இராது. எனக்குக் கண்டுபிடிப்பும் வேண்டியிருந்தது. உனக்கு உலகம் ஒன்றுமே கொடுக்கவில்லை, இதையாவது கொடுக்கட்டும் என்று இருந்தது. இந்த எண்ணத்தைத் தலையில் வைத்துக்கொண்டு உள்துறைமுகம் வரை நடந்தேன். நங்கூரமிட்டிருந்த கப்பலைப் பார்த்தபடி நின்றேன், எந்த நாட்டுக் கப்பல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திரும்பி வீட்டுக்கு நடந்தேன். வீட்டில் செருப்பைக் கழற்றாமலே மறுபடி வெளிக்கிட்டேன்.

சனிக்கிழமை கிண்ணியாவுக்குப் பஸ் ஏறினேன். உன் உம்மா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க மகள், இரிங்க. இந்த வெயிலுக்குள்ள வந்திரிக்கீங்க." தயிரும் சீனியும் கொண்டுவந்து வைத்தார். நான் வாயில் வைக்குமுன் கேட்டுவிட்டார்: "அவட கட்டுரை வந்துட்டா?"

"இன்னும் இல்ல உம்மா. அதைப் பற்றித்தான் கதைக்க வந்தனான்."

எனக்குத் தெரிந்த எளிய சொற்களில் சொன்னேன். அவள் பார்த்த கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. அந்தப் பிழையை வேறு யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. திருத்தினால் அவள் புதிதாகச் சொன்னது இல்லாமல் போகும். திருத்தாமல் விட்டால் அவளுக்குப் பெரிய பெயர்.

உம்மா சீனிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். "மத்தவங்க பிரயோசனம் எடுக்கிற படிப்ப உட்டுட்டுப் போனா, மவுத்தானவங்களுக்கு அதுட நன்மை போய்ச் சேர்ந்துக்கிட்டே இரிக்கும் எண்டு எங்களுக்கு ஓதித் தந்திரிக்காங்க. பிழைய உட்டுட்டுப் போனா என்ன மகள் போய்ச் சேரும்?"

நான் தயிரைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

"எண்ட புள்ளைக்கு அந்தப் பாரத்தக் குடுத்திராதீங்க," என்றார். அதுவரை அழாமல் இருந்தவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். பிறகு உம்மா உள்ளே போய் இந்த மடிக்கணினிப் பையை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். "எல்லாம் இதுக்குள்ளதான் இரிக்காம். கொண்டு போய் முடிங்க."

முடித்துவிட்டேன். தலைப்பை மாற்றினேன். பழைய அளவீடுகளை மறுபடி கணித்தாலும் இப்போது ஏற்றுக்கொண்டிருக்கும் வீதமே நிற்கிறது என்று சொல்கிற சிறிய கட்டுரை அது இப்போது. வேறு யாராவது அந்த அட்டவணையைத் தலைப்பு இல்லாமல் எடுத்து நம்மைப் போல இடறக்கூடும் என்று ஒரு பந்தி சேர்த்திருக்கிறேன். மதிப்பீட்டாளருக்கு, எங்கள் அட்டவணையில் பிழை இருந்தது, சுட்டியதற்கு நன்றி என்று எழுதினேன். எங்கள் என்றுதான் எழுதினேன். உன் பெயர் இருந்த இடத்திலேயே முதலாவதாக இருக்கிறது, பக்கத்தில் காலமானவர் என்ற சிறு குறியோடு.

எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு, அனுப்புமுன், சஞ்சிகையின் பக்கம் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டியது. கட்டுரை ஆசிரியர்கள் அனைவரும் இந்தத் திருத்தத்தை வாசித்து உடன்பட்டுள்ளனர். சரி போட்டால்தான் மேலே போக விடும். காலமானவர் என்ற குறியை அது கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை. அந்த இடத்தில்தான் காலையிலிருந்து நிற்கிறேன். எழும்புகிறேன், இருக்கிறேன், தேத்தண்ணி போட்டு ஆறவிடுகிறேன். நான் கேட்க வந்தது இதுதான். நீ உடன்படுகிறாயா?

உடனே ஓம் என்று சொல்கிற ஆளா நீ? நான் எதைச் சொன்னாலும் "இல்ல புள்ள" என்றுதான் தொடங்குவாய். அதனால் உன் பக்கத்துக்கும் நானே நின்று வாதாடிப் பார்த்தேன். இல்ல புள்ள, தலைப்பு வேற அட்டவணைக்கு உரியதா இரிக்கும். பார்த்தேன், இந்த அட்டவணைக்குரியதுதான். இல்ல புள்ள, திணிவுகளச் சரியாப் போட்டியா? முழு எண்ணை விட்டுச் சரியான திணிவுகளைப் போட்டும் பார்த்தேன், கோடு அசையவில்லை. இல்ல புள்ள, மத்தவங்கட கோடும் பிழையா இரிக்கலாம்தானே? இந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தனியாக இருந்து சிரித்தேன். அவர்கள் எடுத்த அட்டவணைகளையும் தலைப்போடு எடுத்துப் பார்க்க வேண்டும், அடுத்த விடுமுறைக்கு எனக்கு வேலை இருக்கிறது. நீ விட்டுப் போனவற்றில் எனக்குக் கிடைத்தது இந்த மறுப்புத்தான். எந்த விடையைக் கண்டாலும் அது எனக்குள் எழும்பி நிற்கிறது, என்னை நிம்மதியாக இருக்க விடுவதில்லை.

பெட்டியில் சரி போட்டுவிட்டேன். நீ ஓம் சொல்லாமல் உன் பெயரில் நான் செய்த முதல் காரியம் இது. கோபமென்றால் கனவிலாவது வந்து ஒரு முறை இல்ல புள்ள என்று சொல்லிவிட்டுப் போ.