அம்மாவின் சிவந்த கண்கள்

என் அருமை அம்மாவுக்கு,

நிலாவுக்கு உன் கண்தான் வந்திருக்கிறது. அழகைச் சொல்லவில்லை, அரிப்பைச் சொல்கிறேன். பள்ளி விட்டு வரும்போதே கசக்கிக் கசக்கிச் சிவந்த கண்ணோடுதான் வருகிறாள் என் மகள். காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது, நூல் நூலாகப் பீளை. 

அஸ்தம்பட்டியில் கண் டாக்டரிடம் காட்டினோம். நீ போய்ச் சேர்ந்த பிறகு அப்பா என்னோடுதான் சேலத்தில் இருக்கிறார், அவரும் வந்தார். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கிருமியோடு சண்டை போட வேண்டிய வெள்ளை அணுக்கள் வெறும் தூசியைக் கண்டே கிளம்பிவிடுமாம். முதலில் வருபவை அரிப்பைக் கொடுக்கும். நாள்பட்டால் வேறு அணுக்களும் சேர்ந்து இமைக்குள் குடியேறிவிடும். அப்புறம் தூசி இல்லாத இடத்துக்குப் போனாலும் லேசில் அடங்காது. அவை கக்குவதில் கருவிழியே புண்ணாகும்.

அப்பா குறுக்கே கேட்டார். "ஏனுங்க, தறிப் பஞ்சே இல்லாத ஊட்டுல இருந்தாலும் செவக்குமுங்களா?"

"செவக்குங்க. அதுக்குத்தான் மருந்த நிறுத்தாம பாக்கணும்."

அப்பா மருந்துச் சீட்டை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

உன் கண்ணுக்காகத்தானே அவர் குமாரபாளையத்து வீட்டுத் தறிகளை வாடகைக்கு விட்டுவிட்டு நம்மைச் சேலத்துக்குக் கூட்டி வந்தார்? வந்தும் உன் கண் சிவந்தே கிடந்தது. பஞ்சும் இல்லை, தறியும் இல்லை, பின்னே என்ன? நீ ஊரை நினைத்து அழுகிறாய் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். "உங்கம்மாளுக்கு இங்க ஒட்டல சாமி" என்றார் என்னிடம். தறி ஓடும் வீட்டுக்கே உன்னைத் திரும்ப அழைத்துப் போனார். பாசத்தில்தான் செய்தார். நீயும் "நீங்க சொன்னாச் சரிங்க" என்று மூட்டை கட்டினாய். ஏனம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை? அவருக்குத்தான் ஊர் ஏக்கம் என்று நினைத்தாயா?

அந்தப் பஞ்சுக்குள்தான் உன் கருவிழி வெளுத்தது. கடைசியில் குரலை வைத்துத்தான் எங்களை அடையாளம் கண்டாய். 

பஸ்ஸில் திரும்பும்போது அப்பா மெல்லச் சொன்னார். "அம்மிணி, அழுவறயான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, இல்லீங்கன்னு சொல்லியிருப்பா உங்கம்மா."

இப்போது நிலாவுக்கு வேளை தவறாமல் சொட்டு மருந்து விடுவது அவர்தான். பாதி கன்னத்தில் வழிகிறது. துடைத்துவிட்டு மறுபடி விடுகிறார். வேறு யாரையும் விடச் சம்மதிப்பதில்லை.

பிள்ளையின் கருவிழிக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை, அம்மா. அவள் கண் ஏன் சிவக்கிறது என்று இனி நாங்களாக முடிவு கட்ட மாட்டோம். அவளைக் கேட்போம்.

அப்பாவுக்கும் சேர்த்து எழுதும்
உன் மகள் செல்வி