சூடு கம்மி

இன்று காலை வெந்நீர்க் கேனுக்குத் தோல் சட்டை மாட்டும்போது பக்கிள் கையோடு வந்துவிட்டது. நீ தைத்ததில் ஒன்று பிய்ந்து நான் பார்ப்பது இதுதான் முதல்முறை. நாற்பது நாள் சும்மா கிடந்ததில் தோல் காய்ந்து விறைத்திருந்தது. எண்ணெய் தடவாமல் விட்டது என் தப்புதான். யாரிடம் கொடுத்துத் தைக்கலாம் என்று யோசித்தபோது, உன்னிடம்தான் என்று ஒரு நொடி தோன்றியது. அப்புறம் ஒன்றும் தோன்றவில்லை. பழைய நாடாவைத் தேடியெடுத்துக் கட்டினேன்.

எனக்கு அழுகை வரவில்லையடி. நீ போன அன்றும் வரவில்லை, நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு உன் வீட்டில் உட்கார்ந்திருந்தபோதும் வரவில்லை. "பத்து வருஷம் ஒண்ணா இருந்தவ, கண்ணுல ஒரு சொட்டு தண்ணி இல்ல பாரு" என்று எதிர்வீட்டு மேரி என் காதுபடவே சொன்னாள். அவள் சொன்னது எனக்கு வலிக்கக்கூட இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

இந்தப் பத்து வருஷமும் எப்படி ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால் சிரிப்பார்கள். ஒரே ஷூ ஃபேக்டரியில் நீ மேல்தோல் தைத்தாய், நான் பேஸ்டிங்கில் பசை தடவினேன். உனக்கு முதுகு போனது, எனக்கு மூக்கு போனது. பதினெட்டு வருஷம் அந்தப் பசை சொல்யூஷன் வாடையிலேயே இருந்து, மல்லிகைப்பூவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாத மூக்காகிவிட்டது. இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் வேலையை விட்டோம். நான் வீட்டில் படுத்துக்கொண்டேன். நீ தள்ளுவண்டி ஒன்று வாங்கிக்கொண்டு அதே கேட்டுக்கு எதிரில் வந்து நின்றாய்.

முதல் நாளே செக்யூரிட்டி வந்து நிறுத்தினார். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் சொல்யூஷன் குடோன். ஒரு பொறி பறந்தால் போதும். "வண்டி நிக்கலாம்மா, அடுப்பு நிக்கக் கூடாது" என்றார். நீ நேராக ரோட்டைத் தாண்டி எங்கள் சந்துக்குள் வந்து, மூன்றாவது வீடான என் வீட்டுக் கதவைத் தட்டினாய்.

"ஏய், ஸ்டெல்லா. உன் வூட்ல அடுப்பு இருக்குதில்ல? நீ தண்ணி காய வெச்சுக் குடு, நான் காபி போடுறேன்."

"வீட்லயே டிகாஷன் போட்டு எடுத்துட்டுப் போயேன்."

"அங்க, அவங்க மூக்குக்கு எதுர்ல எறங்கணும்டி. அந்த வாசனைக்குத்தான் கேட்டத் தாண்டி வருவாங்க. உனக்கு எங்க தெரியப்போவுது!"

எனக்குத் தெரியாதுதான். உன் காபியின் மணம் எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன் தண்ணீரை மட்டும் தெரியும்.

கேன் வாங்க இரண்டு பேரும் பஸ் ஏறி வேலூர் லாங் பஜாருக்குப் போனோம். பத்து லிட்டர் பிடிக்கும், குழாய் வைத்த ஸ்டீல் கேன். ரோட்டைத் தாண்டுவதற்குள் சூடு இறங்குகிறது என்று அதற்கு நீயே ஒரு சட்டை தைத்தாய். வெளியே ஆட்டுத்தோல், உள்ளே ஷூவுக்கு வைக்கும் பஞ்சு, பக்கத்தில் பக்கிள். ஏற்றுமதிக்குப் போகும் பூட்ஸுக்குப் போடுகிற இரட்டைத் தையல். "என் புள்ளைக்குக்கூட இப்படிச் சட்டை தெச்சதில்ல" என்றாய்.

காலை எட்டு, பத்தரை, மூன்றரை. ஒரு நாளைக்கு மூன்று நடை. நான் கேனை வண்டியில் வைத்ததும் குழாயைத் திறந்து இரண்டு சொட்டு மணிக்கட்டில் விட்டுக்கொள்வாய். உடனே முகத்தைச் சுளிப்பாய்.

"இன்னாடி இது, குளிக்கவா கொண்டாந்த? சூடு கம்மி."

கொதிக்கக் கொதிக்கத்தான் ஊற்றி எடுத்து வந்திருப்பேன். ஆனாலும் கம்மி. மழை நாளிலும் கம்மி, அக்னி நட்சத்திரத்திலும் கம்மி. ஒருநாள் கோபத்தில், "வேணும்னா நீயே கேனுக்குள்ள எறங்கிப் பாரு" என்றேன். நீ வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய், முதுகு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாய்.

ஒரே ஒரு நாள் மட்டும் நீ என்னைத் திட்டவில்லை. அதுவும் திட்ட வேண்டிய நாள். கேஸ் தீர்ந்துவிட்டது என்று பின்கட்டில் கல் கூட்டி அடுப்பு மூட்டினேன். விறகு போதவில்லை. கோணியில் தோல் வெட்டுத் துண்டு கிடந்தது. நன்றாக எரியுமே என்று அள்ளிப் போட்டேன். தோல் எரிந்தால் எப்படி நாறும் என்று ஆம்பூரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மூக்கு இருந்தால்தானே! பானையை மூடவும் இல்லை. புகை முழுக்கத் தண்ணீரில் இறங்கிவிட்டது. எட்டு மணி ஷிப்டுக்கு வந்தவர்கள் ஒரு வாய் வைத்துவிட்டு ரோட்டிலேயே துப்பினார்கள். சூப்பர்வைசர் ஒருவர் கப்பைத் தூக்கிக் காட்டி, "தண்ணி கொண்டாந்தவளுக்கு மூக்கு இல்லியா?" என்று கத்தினார். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "இல்ல சார். அவ மூக்கு உங்க ஃபேக்டரிக்குள்ளதான் எங்கியோ கிடக்குது. கொஞ்சம் தேடிக் குடுங்க."

கொட்டியதையெல்லாம் கழுவிவிட்டு, பத்தரைக்கு வேறு தண்ணீர் கேட்டாய். அதுவும் கம்மி என்றாய். அன்றைக்கு அந்தக் கம்மி எனக்கு எவ்வளவு இனித்தது என்று நான் உன்னிடம் சொல்லவே இல்லை.

இனி அந்தக் காலையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வழக்கம்போல ஆறு மணிக்கே பானையை ஏற்றிவிட்டேன். தண்ணீர் சலசலக்க ஆரம்பிக்கும்போது உன் மகள் ஷபானாவிடமிருந்து போன் வந்தது. தொழுகைக்கு எழுந்த நீ அப்படியே உட்கார்ந்தாய், அவ்வளவுதான் என்றாள். அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு ஓடி வந்தேன். நீ தூங்குகிற மாதிரிதான் இருந்தாய். ஒன்பது மணிக்குக் குளிப்பாட்டும் அம்மா வந்தார்கள். உன் அண்ணி வெளியே வந்து, "வெந்நீ வேணுமே, யார் வூட்ல இருக்கு?" என்று கேட்டாள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

வீட்டில் பானை அப்படியே கொதித்துக்கொண்டிருந்தது. கை பழக்கத்தில் கேனில் ஊற்றியது. பழக்கத்தில் சட்டையை மாட்டியது, பக்கிளைப் பூட்டியது. அதைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுப் பின்கட்டுக்கு வந்தேன். திரை கட்டியிருந்தார்கள். நான் வெளியே நின்று செம்பில் பிடித்துப் பிடித்துக் கொடுத்தேன். உள்ளே குளிப்பாட்டும் தண்ணீருக்கு இலந்தை இலை போட்டு வைத்திருந்தார்கள். முதல் செம்பு போனதும் திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது.

"சூடு ஜாஸ்திம்மா. பச்சைத் தண்ணி கலந்து குடு."

பத்து வருஷத்தில் என் தண்ணீரைச் சூடு ஜாஸ்தி என்று ஒருவர் சொன்னது அன்றைக்குத்தான். பச்சைத் தண்ணீர் கலந்தேன். நீ செய்வதுபோலவே இரண்டு சொட்டு மணிக்கட்டில் விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. குளிக்கிற சூடு. கொடுத்துவிட்டேன். ஒன்பது செம்பு.

அதோடு கேனைக் கழுவிப் பின்கட்டில் கவிழ்த்து வைத்துவிட்டேன். அடுப்பில் தண்ணீர் வைக்க மனம் வரவில்லை. போன வாரம் ஷபானா வந்தாள். உன் இடத்தில் யாரோ ஒருவன் மொபெட்டில் டீ கேன் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறானாம். இன்னும் ஒரு வாரம் விட்டால் அந்த இடம் அவனுடையதாகிவிடும். வண்டியைத் தானே தள்ளப் போவதாகச் சொன்னாள்.

"நீங்க தண்ணி குடுத்தாதான் ஆன்ட்டி முடியும்."

"அந்தக் கேன்லதானே அன்னைக்கு..." என்று இழுத்தேன். அதில் எப்படிக் காபிக்குத் தண்ணீர் கொடுப்பது? ஊர் என்ன சொல்லும் என்பதல்ல, என் கை என்ன சொல்லும் என்பதுதான் எனக்கு.

"எங்கம்மாவுக்கு ஊத்தின கேன்தான?" என்றாள். "வேற கேன் வாங்கிட்டா மட்டும் மறந்துடுவோமா?"

அதனால் இன்று காலை எட்டு மணிக்குக் கொண்டுபோனேன். ரோட்டுக்கு நடுவில், சென்டர் கல்லருகே, கால் நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தபிறகுதான் நகர்ந்தேன். மொபெட்காரன் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஷபானா உன் பித்தளை ஃபில்டரில் தண்ணீரை ஊற்றினாள். சூடு இறங்கிப்போன தண்ணீரில் தூள் அசையாமல் மேலேயே மிதந்தது.

"சூடு போதுமா?" என்றேன்.

"போதும் ஆன்ட்டி. சரியா இருக்குது."

"பொய் சொல்லாத. உங்கம்மா இருந்தா இன்னா சொல்லியிருப்பா, சொல்லு."

அவள் ஃபில்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாடி இது, குளிக்கவா..." என்று உன் குரலிலேயே ஆரம்பித்துவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பேரும் கேனைப் பார்த்தோம். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. கேனைத் தூக்கித் தண்ணீர் முழுவதையும் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, "பத்தரைக்குச் சரியா கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பானையை ஏற்றிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இன்னும் கொதி வரவில்லை. வரட்டும், நன்றாகத் தளதளவென்று வரட்டும். ரோட்டில் நிற்காமல் கொண்டுபோய் வைத்து, முதல் இரண்டு சொட்டை ஷபானாவைத் தன் மணிக்கட்டில் விட்டுக்கொள்ளச் சொல்லப் போகிறேன். எவ்வளவு சூடாக இருந்தாலும் கம்மி என்றுதான் சொல்ல வேண்டும் என்று அவளிடம் சொல்லிவைப்பேன்.