மஞ்சத் தைலத்து மேலே வெச்ச ஒத்தடம்

என்மேலே கோவப்படவே தெரியாத அக்காவுக்கு,

நீ போயி இன்னியோட பன்னண்டு நாளு. ஓரகத்தி செத்ததுக்கு இப்பிடி அழுவுறாளேன்னு தெருவுல பேசிக்கிறாங்க. எதுக்கு அழுவுறேன்னு உனக்கே தெரியாது, அவங்களுக்கு இன்னா தெரியும்?

அந்தத் தைல டப்பி ஞாபகம் இருக்கா? என் புள்ள சின்னதா இருந்தப்போ பட்டணத்துலேர்ந்து உன் அண்ணன் வாங்கியாந்தது. மஞ்சளா, மூக்கைத் தொளைக்கிற வாசனையோட. தோல் பதம் பண்ற ஷாப்புல நாள் முழுக்கக் குனிஞ்சு தோலுல ஒட்டுன சவ்வைச் சீவிச் சீவி என் வூட்டுக்காரருக்குத் தோள்பட்டையைத் தூக்க முடியாமப் போச்சு. நீ டப்பியைக் குடுத்தே. ரெண்டு நாளு தேய்ச்சாரு. மூணாம் நாளு சோத்துல கைய வெச்சிக்கிட்டே சொன்னாரு: "அண்ணி குடுத்த மருந்து, வலி பாதி கம்மி."

பதினோரு வருசமா அந்தத் தோளுக்கு வேப்பெண்ணெ காய்ச்சித் தடவி, உப்பை வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம் வெச்சவ நானு. ஒரு நாளு ஒரு வார்த்தை? உன் கொழம்பு, உன் கோலம், உன் பொறுமைன்னு எல்லாத்தையும் அந்த வூட்டுல மெச்சினாங்க. பொறுத்துக்கிட்டேன். அந்தத் தோளு மட்டும் என்னுதுன்னு நெனச்சிருந்தேன்.

அன்னிக்கி சாயங்காலம் அவரு தைலம் தேய்ச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். அது மேலேயே உப்பு மூட்டையைச் சுடச்சுட வெச்சேன். வலி போனா என் ஒத்தடத்தாலன்னு ஆவணும். எண்ணெ மேலே வெக்கிறதுதானே, தைலத்து மேலே வெச்சா இன்னா?

"எரியுதுடி"ன்னாரு.

"எரிஞ்சாத்தான் கேக்கும்"னு அழுத்துனேன்.

காலையில பார்த்தா தோளெல்லாம் கொப்புளம். "சுண்ணாம்புத் தொட்டியில ஊறுன ஆட்டுத்தோலு கணக்கா ஆயிடுச்சே, எவ குடுத்த மருந்து இது?"ன்னாங்க மாமியார். எல்லாரும் உன்னைப் பார்த்தாங்க. நானும் பார்த்தேன். ஒத்தடத்தை யாரும் சந்தேகப்படல, அது வருசக்கணக்கா வெக்கிறது. ஆனா தைலத்தை மட்டும் தேய்ச்ச ரெண்டு நாளும் ஒண்ணும் ஆவலைன்னு எனக்குத் தெரியுமே.

நீ டப்பியை எடுத்துக் குப்பையில போட்டே. அதுக்கப்புறம் யாருக்கு எது வந்தாலும் மருந்துன்னு வாயைத் தெறக்கல. என் புள்ளைக்குச் சளி கட்டுனப்போகூடத் தூர நின்னுதான் பார்த்தே.

இப்போ அந்தத் தைலம் ஆம்பூர் கடைத்தெருவுல எந்தக் கடையில கேட்டாலும் கிடைக்குது. நேத்து பேத்தி வாங்கியாந்து என் முட்டிக்குத் தேய்ச்சுட்டு, ஒத்தடத்துக்கு உப்பு வறுக்க எழுந்தா.

"வேணாண்டி, தோலு பொத்துடும்"னு கையப் புடிச்சேன்.

"உனக்கெப்பிடி ஆயா தெரியும்?"

அவரு பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. "உன் ஆயாவை இன்னா கேக்குறே? என்னைக் கேளு. அண்ணி நல்லவங்கதான், அந்த மருந்து ஒண்ணுதான் அவங்க செஞ்ச தப்பு"ன்னு சொல்லிட்டுத் தோளைத் தடவிக்கிட்டாரு. நான் முட்டியையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

பதினாறாம் நாளு உனக்குப் படைச்சு முடிச்சதும், சொந்தக்காரங்க எல்லாரும் இருக்கறப்போவே சொல்லிடுறேன் அக்கா. சொன்னா அவரு உன்னை நெனச்சு அழுவாரு. அந்தத் தோளுல கைய வெச்சிக்கிட்டு, அண்ணி அண்ணின்னு அழுவாரு. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

எரியட்டும். சொல்லிடுறேன்.

உன்கிட்ட இன்னும் தோத்துக்கிட்டே இருக்கிற
உன் சின்ன ஓரகத்தி