எதிர்வீட்டிலும் கேட்ட தாலாட்டு

அன்புள்ள அப்பா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் முட்டிவலி தேவலையா?

பேத்தி சிணுங்கினால் சமையலறையில் கேட்கட்டும் என்று பேபி மானிட்டர் வாங்கினோம். நேற்று மதியம் அதில் ஒரே அலறல்! அடித்துப்பிடித்து ஓடினால், இவள் கும்பகர்ணன் மாதிரி தூங்குகிறாள். நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கையில் எதிர்வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். நாங்கள் குடிவந்த பிறகு எங்கள் கதவைத் தட்டிய முதல் ஆள்! அழுதது அவள் பையன். அவர்கள் மானிட்டரும் இதே சேனலாம், அங்கே அழுதால் இங்கேயும் கேட்கிறது.

"எங்க சேனலை மாத்திடுறேங்க" என்றேன்.

"ஐயோ, வேணாம்! உங்க பாட்டு கேட்டாத்தான் தூங்குறான். இன்னைக்கு ஏன் பாடல?"

நீங்கள் எனக்காக இட்டுக்கட்டிய தாலாட்டுதான் அப்பா. முதல் நாலு வரிதான் தெரியும், அதற்குள் தூங்கிவிடுவேனே! மீதியைப் பாடி போனில் அனுப்புங்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் வேண்டும். எனக்கும்.

மானிட்டரில் அழுகை. எந்த வீட்டுப் பிள்ளையோ, பாடப் போகிறேன்.

உங்கள் மகள்