அக்காவின் கைக்கடிகாரம் போடும் கூச்சல்

மேலுலகத்திலும் சும்மா இருக்கமாட்டீர்கள் என்று நான் உறுதியாக நம்பும் என் அருமை அத்தானுக்கு,

மயிலாப்பூரிலிருந்து உங்கள் மச்சான் விழுந்து வணங்குகிறேன். இங்கே எல்லோரும் நலம். அக்கா மட்டும் கொஞ்சம் அதிகமாகவே நலம்; அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் படைத்த மிஸ்டு கால் மொழி நினைவிருக்கிறதா? ஒரு மணி அடித்தால் ஆபீசிலிருந்து கிளம்பிவிட்டீர்கள். இரண்டு அடித்தால் மாம்பலம் வந்தாயிற்று, டிகாக்‌ஷன் போடலாம். போகப்போக அது காப்பியம் பாடும் அளவுக்கு வளர்ந்து, மார்க்கெட்டில் கத்தரிக்காய் முற்றல் என்பதைக்கூட அக்கா மணியோசையிலேயே புரிந்துகொண்டாள். யாரும் உட்கார்ந்து இலக்கணம் எழுதவில்லை, தானாக முளைத்தது. போனில் பேசுவது இலவசமானதும் அந்த மொழி டைனோசர் போன வழியே போய்விட்டது.

இப்போது தி. நகர் வீட்டில் அக்கா தனி. பெங்களூரில் பறவைகளின் குரலை ஆராயும் உங்கள் மகள் வித்யா, அம்மாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிவிட்டிருக்கிறாள். அதற்கு நாடி தட்டுப்படவில்லை என்றால் அவள் போனிலும் என் போனிலும் ஊரே அதிரும்படி அலறும்.

முதல் முறை அலறியபோது லஸ் முனையில் ஓர் ஆட்டோவுக்குள் பாய்ந்தேன்.

“இன்னா சார், இப்டி நடுங்கினு கீறே?”

“எங்கக்காவுக்கு நாடி நின்னுடுச்சுப்பா!”

“ஐயோ! கெட்டியா புட்ச்சிக்கோ நைனா!”

அந்த ஆட்டோ தரையைத் தொட்டதாகவே எனக்கு நினைவில்லை. மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளங்களையெல்லாம் ஆகாய மார்க்கமாகக் கடந்தோம். போய்ப் பார்த்தால் அக்கா அடைக்கு மாவு அரைத்துக்கொண்டிருக்கிறாள்; கடிகாரம் அரிசி டப்பாவின் மேல். டப்பாவுக்கு நாடி இல்லை என்பதை அது சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தது! ஆளுக்கு நாலு அடை தின்றோம், ஆட்டோக்காரர் உட்பட.

அதற்கப்புறம் அது அடிக்கடி அலறியது. ஒவ்வொரு தடவையும் நான் நுழையும்போது தோசைக்கல் தயாராகக் காய்ந்துகொண்டிருந்தது.

வித்யா போனில் பொரிந்தாள். “மாமா, ஆப்பிரிக்காவுல ஒரு கரிச்சான் குருவி இருக்கு. ஆபத்துன்னு பொய்யா கத்தும். மத்ததெல்லாம் பதறி ஓடினதும், அதுங்க விட்டுட்டுப் போன இரையை இது தூக்கிட்டுப் போயிடும். ஆனா ரொம்பக் கத்தினா எதுவும் நம்பாது. அம்மா அதைத்தான் பண்றாங்க. நாளைக்கு நிஜமாவே விழுந்துட்டா, நீங்க ‘அடைதானே, மெதுவா போலாம்’னு உட்கார்ந்திருப்பீங்க.”

சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் அலறியபோது நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன், அத்தான்.

அக்காவையே கேட்டேன். “எதுக்குக்கா அதைக் கழட்டி வெக்கிற?”

“போன் பண்ணினா ‘அப்புறம் பேசறேன்’ங்கற. இதைக் கழட்டினா பறந்து வர்ற. எது வேலை செய்யுதோ அதைத்தானேடா செய்வேன்?”

அந்தக் கரிச்சான் இரையைத் திருடத்தான் கத்துகிறது. இவளோ இரையைச் சுட்டு வைத்துக்கொண்டு கூப்பிடுகிறாள். இதற்குப் பொய் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பீர்கள்?

ஆகவே, ஈரேழு பதினான்கு லோகமும் கேட்க ஒரு வாக்கு. இனி செவ்வாயும் சனியும் யாரும் கூப்பிடாமலே போய் நிற்பேன். கடிகாரம் அவள் கையிலேயே இருக்கட்டும். என்றைக்காவது அது அலறினால், நிஜம்தான் என்று எனக்குத் தெரியவேண்டும். அன்று செருப்பைக்கூடத் தேடமாட்டேன்.

அடை தின்றே உங்கள் மனைவியைக் காத்துவரும்,
அவளுடைய ஒரே தம்பி, உங்கள் ஒரே மச்சான்